தலைமன்னாருக்குக் கிளம்பும் முன்: தனுஷ்கோடியில் ஒரு பாட்டி சொன்னது

நாவல் எந்த அளவில் இருக்கிறது என்று சிலர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மூன்றாம் அத்தியாயத்தை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குக் காரணமான ஒரு சந்திப்பைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

நாவல், தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 இரவைச் சுற்றி நடக்கிறது. அந்தப் புயலைப் பற்றி எழுதும் எல்லோரையும் போல நானும் ரயிலில்தான் தொடங்கியிருந்தேன். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653 எண் பாசஞ்சர், ஊரை நெருங்கும் நேரத்தில் வந்த பேரலை, உள்ளே இருந்த 115 பேர். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள், எண்ணிக்கை அதற்கும் மேலே என்பார்கள். பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பு உத்திரங்கள் அடித்துப் போனதையும், பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்ததையும் தேடித்தேடிப் படித்து வைத்திருந்தேன். அத்தியாயம் நன்றாக வந்திருக்கிறது என்றே நம்பினேன்.

போன ஆடியில் தனுஷ்கோடி போயிருந்தேன். சிதைந்த தேவாலயத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஓலைக்குடிசை வாசலில் உட்கார்ந்து ஒரு பாட்டி வலைக்கண் பின்னிக்கொண்டிருந்தார். புயலின்போது அவருக்கு எட்டு வயது. பேச ஆரம்பித்ததும் போனில் ரெக்கார்டை ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்தேன். அதைப் பார்த்தவர் அப்படியே பேச்சை நிறுத்திவிட்டார். "அத உள்ள வைங்க தாயி, நீங்க மட்டும் கேளுங்க" என்றார். வைத்துவிட்டேன்.

நான் ரயிலைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். "ரயில் போன சங்கதியே எங்களுக்கு மூணு நாள் கழிச்சுத்தான் தெரியும்" என்றார்.

அவருக்கு அந்த இரவு வேறு. தனுஷ்கோடிக்காரர்கள் வடக்கே இருக்கும் அமைதியான கடலைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே அலையடிக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். "ரெண்டும் ஒண்ணாப் போச்சு. எது எந்தப் பக்கம்னு தெரியல" என்றார். அப்பா அவரையும் தம்பியையும் இரண்டு தோளிலும் தூக்கிக்கொண்டு மணல்மேட்டில் ஏறியிருக்கிறார். விடிந்த பிறகு தம்பி தண்ணீர் கேட்டு அழுதிருக்கிறான்.

இந்த இடத்தில் பாட்டி எழுந்து என்னைக் குடிசைக்குப் பின்னால் கூட்டிப்போனார். குனிந்து இரண்டு கையாலும் மணலை வாரினார். முழங்கை ஆழம்கூட இருக்காது, அடியில் ஈரம் கசிந்து மெல்ல ஊறியது. கலங்கல் தெளியும்வரை பொறுத்திருந்து சிரட்டையால் மொண்டு என்னிடம் நீட்டினார். கடல் நூறு அடி தூரத்தில் இரைந்துகொண்டிருக்கிறது, கையில் இருப்பது நல்ல தண்ணீர்! அந்த ஊரில் ஊற்று தோண்டித்தான் குடிப்பார்கள் என்று படித்திருக்கிறேன். குடித்துப் பார்த்தது அன்றுதான்.

"எங்கம்மா அன்னிக்கு இப்படித்தான் தோண்டுனா. ஒரு குழி உப்பு. நகந்து இன்னொண்ணு தோண்டுனா, அதுவும் உப்பு. விரல் கிழிஞ்சு ரத்தம் வர்ற வரைக்கும் தோண்டுனா."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தால், ஒவ்வொரு வரியும் தூரத்தில் நின்று பார்த்து எழுதியதாகவே பட்டது. இப்போது அந்த அத்தியாயத்தில் ரயில் கிடையாது. ஒரு பெண் குழி குழியாகத் தோண்டிக்கொண்டே போகிறாள். இருபத்திரண்டு பக்கம் பதினொன்றாகிவிட்டது. எனக்கு இதுதான் சரியென்று படுகிறது.

சிறுகதைத் தொகுப்பு பிழைதிருத்தத்தில் இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அப்புறம் பயணம். அந்தப் புயல் இலங்கையின் மன்னார்க் கரையையும் விட்டுவைக்கவில்லை. எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் கொழும்பு ரயிலைப் பிடித்த காலம் ஒன்று இருந்தது. ஐம்பது ஆண்டு அப்படி ஓடியது. இரண்டு கரையிலும் கொண்டான் கொடுத்தான் உறவு இருந்தது. அந்தக் கரையில் கேட்காமல் நாவலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் கடலில் சுமார் 30 கிலோமீட்டர்தான், நேராகப் போக வழியில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறை, யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி தாண்டி மன்னார் என்று திட்டம். மழைக்காலத்தில் கப்பல் ஓடாது, அதனால் மாசியில் கிளம்புகிறேன். அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மறுமொழி:
எனக்குச் சொந்த இடம் பாம்பன். எங்கள் தாத்தா பாலத்து வேலைக்குப் போனவர். புயலுக்குப் பிறகு தூண்கள் மட்டும் வரிசையாக நிற்க, நடுவில் கப்பலுக்குத் திறக்கும் பகுதி அப்படியே இருந்ததைச் சொல்லிக்கொண்டே இருப்பார். புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த அன்று அப்பா தாத்தாவின் படத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஊற்று உப்பாகிப் போனதை இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. படித்ததும் அத்தைக்குப் போன் செய்தேன். "ஆமா, ராமேஸ்வரத்துக்கு வந்து சேர்ந்தவங்க முதல்ல தண்ணிதான் கேட்டாங்க" என்றார்.

மறுமொழி:
நான் தலைமன்னார் பியர் ஆள், இப்ப மன்னார் டவுனில இருக்கிறன். அப்பம்மாவுக்கு எண்பது தாண்டிட்டுது, நல்ல ஞாபகம். அவவின்ர தமக்கை தனுஷ்கோடியில கலியாணம் முடிச்சவ. புயலுக்குப் பிறகு எந்தக் கடிதமும் வரேல்லை. கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாத்தின பிறகு, வாற ஆக்களிட்டைப் பெயர் சொல்லி விசாரிக்கிறதுக்கெண்டே அப்பம்மா இறங்குதுறைக்குப் போவாவாம். பிறகு சண்டை வந்து அந்தக் கப்பலும் நிண்டுபோச்சு. நீங்கள் வந்தால் கதைப்பா. ஆனால் தமக்கையைப் பற்றி நாங்களாக் கேக்கிறேல்லை. அவவாச் சொன்னால்தான்.

எழுதியவர்:
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்ய முடியவில்லை. நானாக எதுவும் கேட்கமாட்டேன். அவர் எதைப் பேசுகிறாரோ அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ரெக்கார்டர் கொண்டுவரப் போவதில்லை. தமக்கையின் பெயரை மட்டும், அப்பம்மா சம்மதித்தால், தனியாக எனக்கு எழுதுங்கள். கிளம்பும் முன் ஒருமுறை தனுஷ்கோடிக்குப் போய் அந்தப் பாட்டியிடம் விசாரித்துவிட்டு வருகிறேன்.