புகையானுக்குள் பாக்டீரியாவை ஏற்ற முடியுமா?

கடைமடைக்காரன்:
சம்பா நெல்லில் இந்த வருடமும் புகையான் பூச்சி. தூரில் அடை அடையாக உட்கார்ந்து சாறை உறிஞ்சி, வட்ட வட்டமாகப் பயிரைக் காய வைத்துவிட்டது. இரண்டு முறை மருந்து அடித்தும் அடங்கவில்லை. புதுச்சேரியில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு மையத்தில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைக் கொசுவுக்குள் ஏற்றி டெங்குவைத் தடுக்கப் பார்க்கிறார்களே, அதையே புகையானுக்குச் செய்தால் என்ன?

பூச்சிப்பித்து:
செய்திருக்கிறார்கள் அண்ணா, ஆனால் ஆய்வுக்கூடத்தில்தான். புகையானுக்கு உறவான சின்னப் பழுப்புத் தத்துப்பூச்சிக்குள் இயற்கையாகவே இருக்கும் ஒரு வோல்பாக்கியா ரகத்தை எடுத்து, புகையான் முட்டைக்குள் நுண்ணிய ஊசியால் செலுத்தி ஏற்றியதாகச் சீன ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். இப்படி ஏற்றிய ஆண், அந்த ரகம் இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. ஏற்றிய பெண்ணுக்குப் பொரியும், குஞ்சுகளுக்கும் பாக்டீரியா போகும், அதனால் அது தானாகவே கூட்டத்தில் பரவிவிடும். அப்புறம், நெல்லைக் குட்டையாக்கி இலை ஓரத்தைக் கிழிசலாக்கும் வைரஸைப் புகையான் பரப்புவதும் குறைந்தது.

கடைமடைக்காரன்:
அப்போ ஆண் பூச்சியை மட்டும் வளர்த்து வயலில் விட்டால் போதுமே?

பூச்சிப்பித்து:
அங்கேதான் சிக்கல். ஆண் கொசு கடிக்காது, விட்டால் நஷ்டமில்லை. ஆண் புகையானும் நெல் சாறைத்தான் குடிக்கும். பெண்ணையும் சேர்த்து விட்டால் வைரஸ் குறையலாம், ஆனால் பூச்சி பூச்சியாகவே இருந்து உறிஞ்சும். உங்கள் வயல் காய்ந்தது உறிஞ்சியதால், வைரஸால் அல்ல.

பழைய வேளாண்காரன்:
பாக்டீரியா எப்போதும் நம் பக்கம் நிற்காது தம்பி. ஜப்பானில் சோயாவைத் தாக்கும் ஒரு நாவாய்ப்பூச்சி, ஒவ்வொரு தலைமுறையிலும் மண்ணிலிருந்தே தன் குடல் பாக்டீரியாவைப் பிடித்துக்கொள்கிறது. ஃபெனிட்ரோதியான் என்ற பூச்சிமருந்து அடித்த மண்ணில் அந்த மருந்தையே தின்னும் பாக்டீரியா பெருகுகிறது, அதைப் பிடித்த பூச்சி மருந்துக்குச் சாவதில்லை. 2012இல் வந்த ஆய்வு இது. புகையான் மருந்துக்குத் தப்புவது வேறு வழியில், தன் உடம்பிலேயே மருந்தைச் சிதைத்து. ஆனாலும் இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மருந்துக்கடை சிபாரிசு மேல் நம்பிக்கை போய்விட்டது.

சரி, எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டு நட்டீர்களா? யூரியா எவ்வளவு போட்டீர்கள்? முதலில் தண்ணீரை வடித்து, தூரில் வெயில் படும்படி பயிரை விலக்கிவிடுங்கள். பைரித்ராய்டு வகை மருந்துப் பக்கம் போகாதீர்கள், புகையானைத் தின்னும் சிலந்தியைக் கொன்று புகையானைப் பெருக்கிவிடும்.

கடைமடைக்காரன்:
பட்டம் விடவில்லை ஐயா. யூரியாவும் கொஞ்சம் தாராளம்தான். இன்றைக்கே மடையைத் திறந்து வடிக்கிறேன்.