லேசர் டிஸ்குக்கு ‘ஒளிவட்டு’ வேண்டாம்

பேராசிரியர் ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

டி.வி.டி.க்கு முன்பு படம் பார்க்க வந்த, லேசர் ஒளியால் படிக்கப்படும் பெரிய வட்டுதான் லேசர் டிஸ்க். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் குழு மடல்களை நான்கு நாளாகப் படித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தேன். ‘ஒளிவட்டு’ ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்று நேற்றிரவு ஐயா எழுதியதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் கும்பகோணத்தில் அப்படிச் சொன்னால் பாதிப் பேர் ‘ஒளிவட்டமா?’ என்று கேட்பார்கள், சாமி படத்தில் தலைக்குப் பின்னால் இருக்குமே, அது. மீதிப் பேர் சி.டி.யை நினைப்பார்கள். அதுவும் ஒளியால் படிக்கப்படுவதுதானே.

என் மேசையில் ஒரு லேசர் டிஸ்க் கிடக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்த கரோக்கித் தட்டு. அதை ஓட்டும் கருவி எங்களிடம் என்றுமே இருந்ததில்லை. விட்டம் 30 செ.மீ., நடுத்தரத் தாம்பாளம் அளவு. ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் வானவில் சுற்றி ஓடுகிறது. விளிம்பை நகத்தால் வருடினால் நடுவில் ஒரு கோடு தட்டுப்படும். இரண்டு தட்டுகளை முதுகோடு முதுகாக ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் முடிந்தால் திருப்பிப் போட வேண்டும், இசைத்தட்டைப் போலவே.

அதனால்தான் ‘படத்தட்டு’ என்கிறேன். பிலிப்சும் அமெரிக்கப் பட நிறுவனமான எம்.சி.ஏ.வும் 1978 டிசம்பரில் அட்லாண்டாவில் இதை விற்கத் தொடங்கியபோது, வீடியோ கேசட் ஏற்கெனவே கடைகளுக்கு வந்துவிட்டது. கேசட்டில் பதிவு செய்யலாம், இதில் முடியாது. வாங்க வருபவரிடம் கடைக்காரர் மூச்சு வாங்க விளக்க வேண்டியிருந்ததைத் ‘தட்டு’ என்ற சொல்லே சொல்லிவிடும்: ஆலையில் அச்சாகி வருவது, போட்டுப் பார்க்க மட்டும்தான்.

‘எண்ணிமக் காணொளி வட்டு’, அதாவது டிஜிட்டல் வீடியோ வட்டு, என்று பெயர் சொன்ன தம்பிக்கு ஒன்று. இதில் படம் 0, 1 ஆக இல்லை. தட்டில் பொறித்த நுண்குழிகளின் நீளமும் இடைவெளியும் படத்தின் மின்னலையோடு சேர்ந்து கூடிக் குறைகின்றன. எண்ணிமம் பின்னாளில் ஒலிக்கு மட்டும்தான் வந்து சேர்ந்தது. டி.வி.டி.க்கு அண்ணன்தான், ஆனால் படிப்பு வேறு.

இந்தத் தட்டில் இரண்டு வகை உண்டு, அவற்றுக்கும் பெயர் வேண்டும் என்று ஐயா கேட்டாரே, அதில்தான் எனக்கு ருசி. முதல் வகை அமெரிக்க, ஜப்பானிய முறையில் நிமிடத்துக்கு 1800 சுற்று, மாறாமல். சுற்றுக்கு ஒரு முழுப் படம் என்பதால் எந்தப் படத்திலும் அசையாமல் நிறுத்தலாம். பக்கத்துக்கு 54,000 படங்கள் பிடிக்கும், ஆனால் ஓடுவது 30 நிமிடம். இரண்டாவது வகை உள்ளே 1800இல் தொடங்கி விளிம்புக்குப் போகப் போக 600 வரை தணியும். அது 60 நிமிடம். வேகம் மாறாமல் சுற்றும் முதல் வகையை ‘மாறாக் கோணத் திசைவேகம்’ என்று பாடநூல் மொழியில் எழுதினால் படிப்பவர் ஓடிவிடுவார். களத்தில் பிணையல் கட்டிப் போரடித்ததைப் பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறீர்கள். உள்மாடு நின்ற இடத்திலேயே திரும்பும், கடைசி மாடு ஓட்டமும் நடையுமாகப் போகும். சுற்று ஒன்றுதான், தூரம் வேறு. முதல் வகைத் தட்டில் உள்சுற்றில் ஒரு முழத்துக்குள் அடங்கும் படம் வெளிச்சுற்றில் இரண்டு முழத்துக்கு நீள்கிறது. இரண்டாவது வகை தட்டின் வேகத்தைத் தணித்து, மிச்சமாகும் இடத்தில் இன்னும் படங்களை அடைக்கிறது. ‘நிலைச்சுழல்’, ‘தளர்சுழல்’ போதாதா?

‘தட்டு’ என்றால் சுவரில் மாட்டும் கலைத்தட்டு நினைவுக்கு வருகிறது என்கிறார் தஞ்சை நண்பர். வரட்டும். இசைத்தட்டு வந்தபோது யாரும் அதைச் சுவரில் மாட்டவில்லை.

ஒரு சிக்கலை நானே சொல்லிவிடுகிறேன். 1981இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் கொண்டுவந்தது ஊசியால் படிக்கும் தட்டு, அதுவும் படத்தட்டுதான். அதை ‘ஊசிப் படத்தட்டு’ ஆக்கிவிட்டு, இதற்கு ‘ஒளிப் படத்தட்டு’ என்று எழுதப்போய்க் கை நின்றது: ஒளிப்படம் என்றால் புகைப்படமாயிற்றே! பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் ‘லேசர் படத்தட்டு’ என்றே எழுதலாம். லேசருக்குச் ‘சீரொளி’ என்று தமிழ்ச் சொல் இருந்தாலும், கண் மருத்துவமனைக்குப் போய்வந்த யாரும் ‘சீரொளி வைத்தார்கள்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியாக, இந்தத் தட்டுகள் கெட்டுப்போவதற்கு மடலில் வந்த ‘லேசர் அழுகல்’ என்ற பெயர். ஒட்டுக்குள் காற்று புகுந்து அலுமினியப் படலம் ஆக்சிஜனேற்றம் அடைவதற்குப் பெயர் அழுகலா? அழுகுவது வாழைப்பழம். பாத்திரக்காரர் ஊரில் இருந்துகொண்டு ‘களிம்பு’ என்ற சொல்லை மறக்கலாமா? அது செம்புக்கும் பித்தளைக்கும் உரியது என்பீர்கள். அலுமினியத்துக்கும் கொஞ்சம் நீட்டுவோம். என் தட்டின் விளிம்பில் நான்கைந்து புள்ளி பிடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துவருகிறேன்.