புதுப்பிப்பு: ஐஎஸ்38 டர்போ கிட் விற்றுவிட்டது

என் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230 காரிலிருந்து கழற்றிய ஐஎஸ்38 டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்), டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்), இன்டேக் (காற்று உள்ளே வரும் குழாய்) எல்லாம் சேர்த்து மொத்தமாக விற்கப் போட்டு, ஆளே வரவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கிட் போய்விட்டது.

வேலை செய்த யோசனை, "விலையைக் குறைக்காதீங்க, டர்போவோட ஷாஃப்ட்டை (சுழலும் தண்டு) வீடியோ எடுத்துப் போடுங்க" என்றது. அந்தத் தண்டின் நுனியில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் வீலின் நட்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லேசாக அசையும். எண்ணெய்ப் படலத்தில் சுழலும் பேரிங் என்பதால் அது சகஜம். முன்னும் பின்னும் இழுத்தால் கையில் தெரியும்படி அசையக் கூடாது, வீல் தன்னைச் சுற்றியுள்ள கூட்டில் (ஹவுசிங்) உரசவும் கூடாது. இந்த இரண்டையும் வெளிச்சத்தில் காட்டி, பிளேடு நுனிகளையும் பார்ட் நம்பரையும் கிட்டத்தில் எடுத்துப் போட்டேன். "நல்ல கண்டிஷன்" என்று நான் முன்பு எழுதியதை யாரும் சட்டை செய்யவில்லை, நியாயம்தான்.

எதிர்பாராதது: வாங்கியவர் விஆர்எஸ்காரர் இல்லை, ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ 1.8 கார் வைத்திருப்பவர். டவுன்பைப் அவருக்கு வேண்டாம் என்றதால் அதைத் தனியாக விற்றேன்.

ட்யூன் (இந்த டர்போவுக்கு ஏற்ப எஞ்சினை இயக்கும் மென்பொருள்) கிட்டோடு வருமா என்று பலர் கேட்டார்கள். வராது. அது என் காரின் ஈசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) இருக்கிறது. வாங்குபவர் தன் காருக்குத் தனியாகப் போட வேண்டும். புதிய கேஸ்கட், ஆயில் லைன் சீல்கள், வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் அடாப்டேஷன் (டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் மோட்டாரை ஈசியூவுக்குப் பழக்குவது) என்று வாங்குபவருக்கு ஆகும் செலவையும் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள், பேரம் சீக்கிரம் முடியும்.

அனுப்பும் முன் எண்ணெயை நன்றாக வடித்துத் துளைகளை மூடுங்கள். கசிந்த பெட்டியை கூரியரில் வாங்க மறுத்துவிட்டார்கள்.