கிறிஸ்துமஸ் ராத்திரி ஃப்ரிட்ஜ்: உங்கள் பக்கம் என்ன ஆச்சு?

குழித்துறை சர்வீஸ்
டிசம்பர் 24 ராத்திரி, மார்த்தாண்டம் பக்கம் ஒரு டபுள் டோர். மேலே ஐஸ்கிரீம் கல்லு மாதிரி இருக்கு. கீழே பால் பாக்கெட்டைத் தொட்டா குளிரே இல்லை, மூணு கிலோ மாட்டிறைச்சி மணம் மாறிப் போச்சு. கம்பிரஸர் போயிட்டுன்னே வீட்டில் முடிவு பண்ணிட்டாங்க. கீழ்ப்பகுதியின் மேல்தட்டில் இருந்த ஆப்ப மாவுச் சருவத்தை நாலு விரல் முன்னே இழுத்ததும், பின்சுவரிலிருந்து காற்று ஜில்லுன்னு கையில் அடிச்சுது. அவ்வளவுதான் கோளாறு. இறைச்சியைக் கொட்டத்தான் வேண்டியிருந்தது.

இந்த மாதிரி ஃப்ராஸ்ட் ஃப்ரீயில், அதாவது பனிக்கட்டி தானே உருகிப் போகிற ஃப்ரிட்ஜில், குளிர் உண்டாவது பெரும்பாலும் மேலே ஃப்ரீசருக்குப் பின்னால் மட்டும். அங்கிருந்து ஃபேன் தள்ளுகிற காற்றுதான் பின்சுவர் ஓட்டை வழியா கீழே வருது. ஓட்டையை அடைச்சா மேலே உறையும், கீழே கெடும். பொருள் அடுக்குமுன் அந்த ஓட்டை எங்கே இருக்குன்னு கைவச்சுப் பாருங்க. அதன் முன்னால் குட்டையான டப்பா மட்டும் வைக்கணும்.

தக்கலை
அண்ணாச்சி, ஃப்ரிட்ஜ் நிறைஞ்சிருந்தாத்தான் குளிர் நிற்கும்னு எல்லாரும் சொல்றாங்களே? கரண்டு போனாலும் தாங்கும்னுதானே அடைச்சு வைக்கிறோம்.

பாறசாலை சமையல்
தக்கலைக்காரர் சொல்றது ஃப்ரீசருக்கு மட்டும் சரி. நிறைஞ்ச ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டா கரண்டு இல்லாமலும் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைஞ்சது 24. கீழ்ப்பகுதி எப்படி அடைச்சாலும் 4 மணி நேரம்தான். அதனால் ஃப்ரீசரை நெருக்கி அடுக்குங்க, கீழே காற்றுக்கு வழி விடுங்க.

இடம் போதலைன்னு சொல்றவங்க முதலில் வெளியே எடுக்க வேண்டியதை எடுக்கட்டும். பிளம் கேக் உள்ளே இருந்தா வறண்டு போகும்; க்ரீம் கேக்குக்குத்தான் குளிர் வேணும். நேந்திரம்பழம் கறுக்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு, முந்திரிக்கொத்து, எண்ணெய் மிதக்கிற ஊறுகாய் எதுக்கும் அங்கே வேலையில்லை. தண்ணீர் பாட்டிலெல்லாம் பானைக்குப் போகட்டும், கதவே காலியாகும்.

அப்புறம் பாத்திரம். உருண்டைப் பாத்திரம் சதுர இடத்தில் நூற்றுக்கு 21 பங்கு இடத்தை வீணாக்கும், காது வச்ச சருவம் இன்னும் மோசம். சதுர டப்பாவுக்கு மாற்றுங்க. அஞ்சு லிட்டர் பாயசத்தை அப்படியே வச்சா நடுவில் ஆற ராத்திரி முழுக்க ஆகும், பக்கத்தில் இருக்கிறதும் சூடாகும். ரெண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் டப்பாக்களில் பிரிச்சு, பச்சைத் தண்ணீர்த் தட்டில் ஆறவச்சு, ரெண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைக்கணும். மூடியும் வேணும். மூடாத குழம்பின் ஆவி பின்னால் குளிர் உண்டாக்குற குழாய்ச் சுருளில் (காயில்) போய் உறைஞ்சு காற்றை அடைக்கும். அதுவும் அண்ணாச்சி சொன்ன அதே கோளாறைத்தான் காட்டும்.

ஆப்ப மாவைப் பாதிப் பாத்திரத்துக்கு மேல் ஊற்றாதீங்க. ஃப்ரிட்ஜுக்குள் போனாலும் கொஞ்ச நேரம் பொங்கிட்டேதான் இருக்கும், மூடியைத் தள்ளிட்டு மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை வழியும். தேங்காய்ப்பாலைப் பிழிஞ்சு உறையவைக்கிறது எனக்குச் சம்மதமில்லை, இளகும்போது நெய் தனி, தண்ணி தனியாப் பிரியும். துருவலை உறையவைங்க: ஒரு தேங்காய் ஒரு பொட்டலம், விரல் கனத்துக்குத் தட்டையா அமுக்கி உறையவிட்டு, பிறகு புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்குங்க. காலையில் வெந்நீர் விட்டுப் பிழிஞ்சுக்கலாம்.

மீன், இறைச்சி எப்பவும் அடித்தட்டில், விளிம்பு உள்ள தட்டத்தில். மேலே வச்சா ரத்தம் சொட்டி சாலட்டில் விழும். ஒரேயடியா அஞ்சு கிலோ நெய்மீனை ஃப்ரீசரில் குவிக்கக் கூடாது. வெளியே உறைஞ்சாலும் நடுவில் பச்சையாகவே கிடக்கும். ஒரு கறிக்கு ஒரு பொட்டலம், ஒரே அடுக்கு, ரெண்டு நாள் முன்னாடியே தொடங்கணும். பால் கதவில் வேண்டாம், அங்கேதான் குளிர் குறைவு.

திருத்தணி
நீங்க எல்லாரும் டபுள் டோரையே பேசுறீங்க. எங்க பக்கம் சங்கராந்திக்குப் பாதி வீட்டில் சிங்கிள் டோர்தான். ஃப்ரீசர் பெட்டியில் பனிக்கட்டி ரெண்டு விரல் கனம் ஏறி, பாதி இடம் அதுக்கே போயிருக்கும். பண்டிகை நெருக்கத்தில் கத்தியால் குத்தி எடுக்கப் போனாங்க ஒரு வீட்டில். புஸ்ஸுன்னு சத்தம், கேஸ் போச்சு. போகிக்கு முந்தின நாளே ஆஃப் பண்ணிக் கதவைத் திறந்து, உள்ளே ஒரு கிண்ணம் வெந்நீர் வையுங்க, தானே கழன்று விழும். கத்தி வேண்டவே வேண்டாம்.

குளச்சல்
பாறசாலை அக்கா, இவ்வளவு அடுக்குறதுக்குப் பதிலா மீன்காரர்கிட்ட ஒரு தெர்மோகோல் பெட்டி வாங்கினாலே ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு மிச்சம். அடியில் ஐஸ், மேலே ஜூஸ் பாட்டில், அதுக்கு மேலே மறுபடி ஐஸ். மீன் வாடை போக பெட்டியை முதலில் சோடா உப்பு போட்டுக் கழுவி வெயிலில் காயவைங்க. உருகின தண்ணி போக ஒரு மூலையில் சின்ன ஓட்டை போட்டு, பெட்டியைச் செங்கல் மேல் சாய்ச்சு வைங்க. இறைச்சியை மட்டும் இதில் ராத்திரி முழுக்க நம்பி விடாதீங்க.

தக்கலை
சருவத்தை இப்பவே இழுத்துப் பார்த்தேன் அண்ணாச்சி. எங்க வீட்டிலும் ஓட்டைக்கு நேரேதான் இருந்திருக்கு.