கொம்பு வண்டும் சிவப்புக் கூன்வண்டும்: எங்கள் பக்கம் பார்த்தது

மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் பக்கம் தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குக் கொம்பு வண்டு புதிதில்லை. இரவில் வாசல் விளக்கில் வந்து மோதி, மல்லாந்து விழுந்து காலை உதைக்கும். பக்கத்தில் கிழட்டுச் செம்பனையை (எண்ணெய்ப் பனையை)ச் சாய்த்து மறுநடவு செய்த பிறகு தொல்லை கூடிவிட்டது. சாய்த்த மரத்தை எரிக்காமல் துண்டு போட்டு மக்க விடுகிறார்கள். அந்த உளுத்த தண்டில்தான் அது முட்டையிடும். புழு மக்கியதைத் தின்னுமே தவிர, உயிருள்ள மரத்தைத் தொடாது. சேட்டையெல்லாம் வளர்ந்த வண்டுக்குத்தான். குருத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும். அப்புறம் அந்த மட்டை விரியும்போது, ஓலை கத்தரியால் முக்கோணமாக வெட்டியது போல இருக்கும்.

சிவப்புக் கூன்வண்டு இதற்கு நேர்மாறு. நீண்ட மூக்கு, பகலிலும் பறக்கும். உயிருள்ள மரத்திலேயே முட்டையிடும்; மரத்தைத் தின்பது புழு. மலேசியாவில் 2007-இல் திரங்கானு மாநிலத்தில் தென்னையைத் தாக்கியபோதுதான் இதன் பெயர் பரவலாக அடிபட்டது.

பக்கத்து வீட்டு அக்காவின் தென்னை ஒன்று பச்சையாகத்தான் நின்றது. திடீரென்று கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. “கொம்பன் கொன்னுட்டான் தம்பி” என்றார். வெட்டிப் பார்த்தோம். புளித்த வாடை. உள்ளே ஈரச் சக்கையும், நாரைச் சுற்றிக் கட்டிய கூடுகளும், காலே இல்லாத கொழுத்த புழுக்களும். கொம்பு வண்டின் புழுவுக்கு மூன்று ஜோடிக் கால் உண்டு, சுருண்டே கிடக்கும். ஆகவே கொன்றது கூனன்தான். ஆனால் அக்கா சொன்னதிலும் பாதி உண்மை: குருத்தடியில் கொம்பு வண்டு போட்ட பழைய ஓட்டைகளும் இருந்தன. அந்தக் காயத்தின் வாடைக்குத்தான் கூனன் வருகிறது. பச்சை மட்டையை வெட்டினாலும் இதே கதை.

கொம்பு வண்டைக் கொல்லும் வைரஸை 1963-இல் ஹூகர் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தது நம் மலேசியாவில்தான். பசிபிக் தீவுத் தென்னைகளுக்கு அது பெரிய உதவியானது. நமக்கு இன்னும் கம்பிதான்! ஓட்டை வாயில் புதுச் சக்கை தள்ளியிருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. கொக்கிக் கம்பியால் குத்தி இழுத்துவிடலாம்.

வண்டை இழுக்கும் வாசனைப் பொட்டலம் வைத்த பக்கெட் பொறியை மரத்தடியில் மாட்டாதீர்கள். தோட்டத்து வண்டையும் அது வீட்டுக்குக் கூப்பிட்டுவிடும். நான் வேலியோரக் கால்வாய்ப் பக்கம் தள்ளி மாட்டியிருக்கிறேன். அக்காவின் மரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி ஆழமாகப் புதைக்கச் சொல்லியிருக்கிறேன். அப்படியே கிடந்தால் அதில் கொம்பன் முட்டையிடும்.