கிளீவ்லண்டில் கொடையாளர் நிதி தொடங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அப்பா நினைவாக கிளீவ்லண்ட் ஃபவுண்டேஷனில் ஒரு நிதி தொடங்கலாம் என்று நானும் அக்காவும் யோசிக்கிறோம். 1914இல் ஃபிரெடரிக் காஃப் என்ற வங்கியாளர் தொடங்கிய அமைப்பு அது. பலர் தரும் நன்கொடையை ஒன்றாக நிர்வகித்து ஊருக்கு உதவும் இந்த வகை ஊர் அறக்கட்டளைகளில் உலகிலேயே முதலாவது. யாரோ எப்போதோ உயிலில் எழுதிய காரணம் காலாவதியாகி, பணம் யாருக்கும் உதவாமல் முடங்கிக் கிடப்பதைப் பார்த்துத்தான் அவர் இதை ஆரம்பித்தார். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது.

இந்தக் கொடையாளர் நிதியில் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க முடியாது, வரிச்சலுகைக்கு அந்த வருடமே கணக்கு காட்டலாம். யாருக்குப் போகவேண்டும் என்று நாம் பரிந்துரைக்கலாம், முடிவு அவர்களுடையது. இங்கே எந்தத் தொண்டு நிறுவனம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அங்குள்ள அலுவலர்களுக்குத் தெரியும். அதனால் உள்ளூர்ப் பங்கைப் பற்றிக் கவலையில்லை.

மீதியைத் தஞ்சாவூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசை. சிக்கல் அங்கேதான். வாங்கும் அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைகளை முறைப்படுத்தும் இந்தியச் சட்டம்) பதிவு வேண்டும், பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரவேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது.

இப்படி ஊருக்கு அனுப்பியவர்கள் இருந்தால், வாங்கும் அமைப்பை ஃபவுண்டேஷன் சரிபார்க்க எவ்வளவு நாளானது, தனிக் கட்டணம் கேட்டார்களா என்று சொல்லுங்கள். பதிவு உள்ள, நீங்களே நேரில் பார்த்த டிரஸ்ட் தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். இன்பாக்ஸில் எழுதினாலும் சரி.