புதுப்பிப்பு: எட்டாம் வகுப்பின் ஒற்றர்கள்

ஒற்றர் கதையொன்றைக் குரலும் படமுமாகக் குறுங்காணொளி ஆக்கும்படி எட்டாம் வகுப்பினரிடம் சொல்லியிருக்கிறேன், கதைக்களம் சொல்லுங்கள் என்று இங்கே கேட்டிருந்தேன் அல்லவா? பலர் சொன்ன மலை ரயிலே வென்றது.

குன்னூர் நிலையத்தில் நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜினை மாட்டும் இடைவெளியில், வர்க்கிப் பொட்டலத்தோடு ரகசியச் சீட்டு கைமாறுகிறது. வர்க்கியின் நெய் ஊறியதில், மடித்த தாளின் எழுத்து வெளியே தெரிந்துவிடுகிறது! இதை யோசித்தவள் வகுப்பில் வாயே திறக்காதவள்.

இன்னொரு குழு திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டது. ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றர்கள் சொல்வது ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறார் வள்ளுவர். எனவே ஒரே காட்சிக்கு மூன்று குரல்கள், மூன்றாவது புளுகுகிறது. பின்னணி இசைதான் காதைக் கிழிக்கிறது. குறைத்துவிட்டுத் திங்கட்கிழமை தரச் சொல்லியிருக்கிறேன்.